போல் செசானும் அவர் விடாமல் வரைந்த மலையும்: மலையக வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

மலையகப் பாடசாலைகளில் சித்திரம் படிக்கும் மாணவர்களும், அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களும், பரீட்சை முடிந்த பின்னும் தூரிகையைக் கைவிடாத இளைஞர்களும் பிரெஞ்சு ஓவியர் போல் செசானைப் பற்றி அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கப்பட்டுள்ளது. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ வீட்டு வாசலைத் திறந்தால் மலை முகத்தில் நிற்கும் நமக்கு, ஒரே மலையை ஆண்டாண்டாகப் பார்த்து வரைந்த ஒருவரின் வேலை மற்ற எவரையும்விட நெருக்கமாகப் புரிய வேண்டும் என்பது என் நம்பிக்கை.

செசான் எந்த ஊர்க்காரர்? எந்தக் காலத்தவர்?

போல் செசான் 1839 ஜனவரி 19ஆம் திகதி தென் பிரான்சின் ப்ரொவான்ஸ் பகுதியிலுள்ள எக்ஸ் என்ற சிறு நகரில் பிறந்து, அதே ஊரில் 1906 ஒக்டோபர் 22ஆம் திகதி இறந்தார். தந்தை லூயி ஒகுஸ்த், தொப்பி வியாபாரத்தில் பணம் சேர்த்துப் பின்னர் ஒரு வங்கியின் உரிமையாளரானவர். மகன் சட்டம் படித்து அந்த வங்கியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய விருப்பமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் செசானின் உற்ற தோழராக இருந்தவர், பின்னாளில் பெரும் நாவலாசிரியராகிய எமில் ஸோலா. இருவரும் சேர்ந்து எக்ஸ் ஊரைச் சுற்றியிருந்த குன்றுகளிலும் ஆற்றங்கரைகளிலும் அலைந்த பிள்ளைப் பருவம் செசானின் ஓவியங்களில் கடைசி வரை நீடித்தது.

சட்டம் படித்தவர் எப்படி ஓவியரானார்?

தந்தையின் சொல்லுக்கிணங்கிச் சட்டம் படிக்கத் தொடங்கியவர், மனம் ஒப்பாமல் 1861இல் பாரிசுக்குச் சென்றார். அங்கே லூவ்ர் அருங்காட்சியகத்தில் பழைய ஓவியர்களைப் பார்த்துப் பிரதி செய்தார். அரச கலைக் கல்லூரியில் சேர முயன்றபோது அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. பாரிசின் அதிகாரபூர்வக் கண்காட்சியான சலோனும் அவருடைய படங்களைத் தொடர்ந்து நிராகரித்தது. 1882இல் ஒரே ஒரு முறை, தேர்வுக் குழுவிலிருந்த நண்பர் ஒருவரின் மாணவர் என்ற பெயரில்தான் அவருடைய படம் அங்கே தொங்கியது.

தொடக்ககாலப் படங்கள் கருமையும் கனமும் கொண்டவை. வர்ணத்தைக் கத்தியால் அப்பி வரைந்தவை. அவரை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் தம்மைவிட ஒன்பது வயது மூத்த ஓவியர் கமீல் பிசாரோ. 1872 முதல் சில ஆண்டுகள் பாரிசுக்கு வெளியே பொன்துவாஸ், ஓவேர் ஆகிய ஊர்களில் இருவரும் அருகருகே நின்று வெட்டவெளியில் வரைந்தார்கள். பிசாரோவின் நிலக்காட்சி ஒன்றை இரவல் வாங்கிச் செசான் முழுதாகப் பிரதி செய்தார் என்பதைச் சித்திர ஆசிரியர்கள் மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். முப்பத்து மூன்று வயதில், தமக்கென்று ஒரு கை இருந்தும், இன்னொருவரிடம் பணிவோடு கற்றுக்கொண்டவர் அவர்.

அவர் மனப்பதிவுவாதியா?

கண்முன் மாறும் ஒளியையும் வர்ணத்தையும் அந்தக் கணத்தில் தெரிந்தபடியே வரைய முயன்ற ஓவியர்களே மனப்பதிவுவாதிகள் (இம்ப்ரெஷனிஸ்டுகள்). செசான் சில காலம் அவர்களோடு இருந்தார். 1874இல் நடந்த முதலாவது மனப்பதிவுவாதக் கண்காட்சியிலும் 1877இல் நடந்த மூன்றாவது கண்காட்சியிலும் அவருடைய படங்கள் இடம்பெற்றன. பத்திரிகை விமர்சகர்களின் ஏளனத்தில் பெரும் பங்கு அவருக்கே கிடைத்தது. அதன்பின் அவர் அந்தக் கண்காட்சிகளில் பங்குகொள்ளவில்லை. ஒரு நொடியின் ஒளியைப் பிடிப்பது அந்தக் குழுவின் முக்கிய ஓவியரான மோனேயின் நோக்கமாக இருந்தது. செசானோ, அந்த ஒளியையும் வர்ணத்தையும் விட்டுவிடாமல், அருங்காட்சியகத்திலுள்ள பழைய ஓவியங்களைப் போல் உறுதியாக நிற்கும் ஒன்றைக் கட்ட விரும்பினார்.

குடும்ப வாழ்க்கையில் அவருக்கு என்ன நெருக்கடி இருந்தது?

பணம் முழுவதும் தந்தையின் கையில் இருந்தது. 1869இல் சந்தித்த ஒர்தோன்ஸ் ஃபிகே என்ற பெண்ணோடு வாழ்ந்ததையும், 1872இல் மகன் பிறந்ததையும் செசான் பல ஆண்டுகள் தந்தையிடம் மறைத்தார். 1878இல் தந்தை ஒரு கடிதத்தைப் பிரித்துப் படித்துச் சந்தேகம் கொண்டு மாதாந்தப் பணத்தைக் குறைத்தபோது, ஒர்தோன்சுக்கும் குழந்தைக்கும் உதவியவர் ஸோலா. 1886 ஏப்ரலில் செசானும் ஒர்தோன்சும் திருமணம் செய்துகொண்டார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் தந்தை இறந்தார். வாரிசாகக் கிடைத்த சொத்து, படம் விற்றுப் பிழைக்க வேண்டிய தேவையை இல்லாமலாக்கியது.

அதே 1886இல் ஸோலா, தோல்வியுற்ற ஓவியன் ஒருவனைப் பற்றி நாவலொன்று வெளியிட்டார். அதில் தம்மைக் கண்டு செசான் நட்பை அன்றே முறித்துக்கொண்டார் என்று நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. ஆனால் 1887இல் செசான் ஸோலாவுக்கு எழுதிய கடிதமொன்று அண்மைக் காலத்தில் வெளிவந்தபின், அந்தக் கதையை அப்படியே திருப்பிச் சொல்வது பொருந்தாது.

அவர் வரைந்த மலை எது? அது எவ்வளவு உயரம்?

எக்ஸ் நகருக்குக் கிழக்கே நிற்கும் சாந்த் விக்த்வார் என்ற சுண்ணாம்புக்கல் மலை அது. அதன் உச்சி 1,011 மீற்றர். நமது பிதுருதலாகல 2,524 மீற்றர், சிவனொளிபாதமலை 2,243 மீற்றர். இன்னும் சொல்லப்போனால் ஹட்டன் நகரமே அந்த மலையின் உச்சியைவிட உயரத்தில் இருக்கிறது. ஓவிய வரலாற்றின் திசையை மாற்றிய மலை உயரத்தால் பெரியதன்று என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்வது நல்லது.

அந்த மலையை அவர் முப்பதுக்கு மேற்பட்ட எண்ணெய் வர்ண ஓவியங்களிலும் பல நீர்வர்ண ஓவியங்களிலும் வரைந்தார். 1878 ஏப்ரலில் ஸோலாவுக்கு எழுதிய கடிதத்தில், புகையிரதத்தில் போகும்போது கிழக்குப் பக்கமாக அந்த மலை விரிந்ததைக் கண்டு வியந்ததைக் குறிப்பிடுகிறார். அந்தப் பாதை அப்போதுதான் புதிதாகத் திறக்கப்பட்டிருந்தது. பதுளை ரயிலில் தலவாக்கலையைக் கடந்து நானுஓயாவை நோக்கி ஏறும்போது, தினமும் பார்த்த மலையே வேறொரு பக்கத்தைக் காட்டித் திரும்புவதைக் கண்டவர்களுக்கு அந்தக் கடிதத்தின் பரபரப்பு எளிதில் விளங்கும்.

ஒரே மலையைத் திரும்பத் திரும்ப வரைவதில் என்ன இருக்கிறது?

இதற்குப் பொதுவாகச் சொல்வதைவிட, இரண்டு ஓவியங்களை அருகில் வைத்துப் பார்ப்பதே நல்லது.

முதலாவது, 1887 அளவில் வரையப்பட்டு இன்று லண்டன் கோர்ட்டோல்ட் நிறுவனத்தில் இருக்கும் ஓவியம். அவருடைய சகோதரியின் கணவருக்குச் சொந்தமான பெல்வியூ பண்ணைக்கு அருகிலிருந்து பார்த்த காட்சி அது. இடது பக்கத்தில் ஒரு பெரிய பைன் மரம் நிற்கிறது. அதன் கிளைகள் மேலே படத்தின் அகலம் முழுவதும் நீள்கின்றன. அந்தக் கிளைகளின் கீழ் விளிம்பைக் கவனித்தால், தொலைவிலுள்ள மலை முகட்டின் ஏற்ற இறக்கத்தையே அவை பின்பற்றிச் செல்வது தெரியும். கைக்கெட்டும் தூரத்திலுள்ள கிளையும் பல மைல்களுக்கு அப்பாலுள்ள மலையும் ஒரே வளைவில் பேசிக்கொள்கின்றன. வலப்பக்கத்தில் வயல்களுக்கு நடுவே ஒரு ரயில் பாலம் வளைவு வளைவாகத் தெரிகிறது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தைப் படத்தின் நடுவில் பெரிதாக வைத்து வரையும் நமது வழக்கத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அவர் அந்தப் பாலத்தை வேடிக்கைப் பொருளாக்கவில்லை. பள்ளத்தாக்கின் கிடைக்கோடுகளில் ஒன்றாக, வயல் வரப்புகளுக்குச் சமமாக வைத்தார். 1895இல் எக்ஸ் ஊரில் நடந்த கண்காட்சியொன்றில் இந்த ஓவியத்தைக் கண்டு நெகிழ்ந்த ஜொவாகிம் காஸ்கே என்ற இளம் கவிஞருக்கு, அதில் கையொப்பமிட்டு அவர் அதைப் பரிசாகவே கொடுத்துவிட்டார்.

இரண்டாவது, 1902க்கும் 1904க்கும் இடையில் வரையப்பட்டு இன்று அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா அருங்காட்சியகத்தில் இருப்பது. இங்கே மரம் இல்லை, பாலம் இல்லை. சமவெளி முழுவதும் சதுரம் சதுரமான தூரிகைத் தடங்கள்: கரும்பச்சை, காவி, ஊதா. காவி நிறத் தடமொன்றின் மேல் சாய்வாக ஒரு கோடு விழுந்தவுடன் அது வீட்டுக் கூரையாகிறது. கோடு இல்லாத இடத்தில் அதே காவி வெறும் நிலமாகக் கிடக்கிறது. வானத்திலும் பச்சைத் தீற்றல்கள் இருக்கின்றன. வானத்தில் எங்கிருந்து பச்சை வந்தது என்று மாணவர்கள் கேட்பார்கள். கீழேயுள்ள மரங்களின் பச்சை மேலே எதிரொலிப்பதால் வானமும் மலையும் மண்ணும் ஒரே துணியில் நெய்யப்பட்டவை போல் இறுகி நிற்கின்றன. அந்தத் தீற்றல்களை விரலால் மறைத்துப் பார்த்தால் வானம் பின்னால் நழுவிவிடும். இரண்டு ஓவியங்களுக்கும் இடையில் பதினைந்து ஆண்டுகள் கடந்தன. மலை அதேதான். அதைப் பார்த்தவர் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கினார்.

1906 செப்டம்பரில் மகனுக்கு எழுதிய கடிதத்தில், ஆற்றங்கரையில் ஒரே இடத்தில் இருந்துகொண்டு, சற்றே வலப்பக்கமும் சற்றே இடப்பக்கமும் சாய்ந்து பார்த்தாலே மாதக்கணக்கில் வரைவதற்கு விடயம் இருக்கிறது என்று எழுதினார். இடம் மாறாமல் பார்ப்பதைப் பற்றி இதைவிடத் தெளிவாக எந்த ஓவியரும் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

"இயற்கையை உருளை, கோளம், கூம்பு ஆகியவற்றால் அணுகு" என்று அவர் சொன்னது உண்மையா?

உண்மை. 1904 ஏப்ரல் 15ஆம் திகதி இளம் ஓவியர் எமில் பெர்னாருக்கு எழுதிய கடிதத்தில் அது இருக்கிறது. பரீட்சை விடைத்தாளில் இந்த ஒரு வரியை மட்டும் எழுதி, மலையை முக்கோணமாகவும் மரத்தை உருளையாகவும் வரைந்து முடித்துவிடும் பழக்கம்தான் வருத்தம் தருவது. அதே கடிதத்தில் அவர் வேறொன்றையும் சொல்கிறார்: சிவப்பும் மஞ்சளும் தரும் ஒளிக்கு நடுவே, காற்று இருப்பதை உணர்த்தும் அளவுக்கு நீலம் சேர்க்க வேண்டும் என்கிறார். வடிவத்தையும் காற்றையும் ஒரே மூச்சில் பேசிய மனிதர் அவர். முதற் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டால் கேத்திரகணிதம்தான் மிஞ்சும்.

அவருடைய மலைக்குத் தெளிந்த வானம். நம் மலைகளோ பாதி நாள் பனிமூட்டத்தில். அந்த முறை இங்கே எப்படிப் பயன்படும்?

நல்ல கேள்வி. ப்ரொவான்சில் மிஸ்ட்ரால் என்னும் வறண்ட வடகாற்று வீசி வானத்தைத் துடைத்துவிடும். தொலைவிலுள்ள பாறையும் கத்தியால் செதுக்கியது போல் கூர்மையாகத் தெரியும். தூரத்திலிருப்பது மங்கும் என்ற பாடப்புத்தக விதி அங்கே உதவாது. எனவே மங்கலை நம்பாமல், வெம்மையான நிறங்களையும் குளிர்ந்த நிறங்களையும் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்து ஆழத்தைக் காட்ட அவர் வழி தேடினார்.

நமக்கு நேர்மாறான சிக்கல். மஸ்கெலியாவில் காலையில் கண்ணுக்கெதிரே நின்ற மலை, தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் பத்து மணிக்கு முகில் மூடி இல்லாமலே போய்விடும். பிறகு அதன் நடுப்பகுதி மட்டும், மேலும் கீழும் இல்லாமல், வெளிப்படும். இதை வெள்ளை வர்ணம் பூசி மறைப்பது சுலபம். செசானிடம் கற்ற ஒருவர் அப்படிச் செய்யமாட்டார். முகில் எந்த இடத்தில் சாம்பலாகவும் எந்த இடத்தில் நீலமாகவும் எந்த இடத்தில் கீழேயுள்ள தேயிலையின் பச்சையை வாங்கிக்கொண்டும் நிற்கிறது என்று தடம் தடமாகப் பார்ப்பார். செசானின் சதுரத் தடங்களை அப்படியே எடுத்து நம் மலைமேல் ஒட்டினால் அது வெறும் போலியாகும். எடுத்துக்கொள்ள வேண்டியது, பார்த்ததை மட்டும் வைப்பது, பார்க்காததை ஊகித்து நிரப்பாமல் விடுவது என்ற கட்டுப்பாட்டை. அவருடைய பிற்காலக் கன்வஸ்களில் வர்ணமே தொடாத வெற்றிடங்கள் இருப்பதற்கு அந்தக் கட்டுப்பாடு ஒரு காரணம்.

அவருடைய நிலக்காட்சிகளில் மனிதர்களே இல்லையே. தோட்டத்தில் பிறந்த நாம் அப்படி வரையலாமா?

எனக்கு மிக முக்கியமாகப்படும் கேள்வி இதுதான்.

செசான் தம் ஊரின் மலையை மனிதரில்லாமல் வரைந்தார். அந்த ஊர் அவருடையது என்பதை எவரும் மறுத்ததில்லை. மலையகத்தின் கதை வேறு. கோப்பிப் பயிர்ச்செய்கைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்டவர்களும், 1869இல் பரவத் தொடங்கிய இலைநோயால் கோப்பி அழிந்தபின் தேயிலையைப் பெருக்கியவர்களும், அவர்களுடைய பிள்ளைகளும்தான் இந்தச் சரிவுகளை இன்றைய உருவத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களையே நாடற்றவர்களாக்கியது. உல்லாசப் பயணத் துறையின் படங்களிலோ தேயிலை மலை ஆளில்லாத பச்சைக் கம்பளமாக இருக்கிறது. அல்லது கூடை சுமந்து சிரிக்கும் ஒரு பெண் அதற்கு அலங்காரமாக நிற்கிறார். இந்த இரண்டையும் நாமே திரும்ப வரைவது எனக்கு ஏற்புடையதன்று.

இதற்குச் செசானிடமே ஒரு வழி இருக்கிறது. எக்ஸ் ஊரின் வீடுகளுக்குக் கல் வெட்டிக் கொடுத்த பிபேமுஸ் என்ற கற்சுரங்கம் அவர் காலத்தில் கைவிடப்பட்டுக் கிடந்தது. 1890களின் நடுவில் அங்கே ஒரு சிறு குடிலை வாடகைக்கு எடுத்துப் பல ஓவியங்கள் வரைந்தார். அவற்றில் ஆட்கள் இல்லை. ஆனால் செங்காவிப் பாறைகளில் நேராக இறங்கும் முகங்களும் படியாக வெட்டிய விளிம்புகளும் மழையோ காற்றோ செய்தவையல்ல, உளியும் கையும் செய்தவை. உழைத்தவர் போன பின்னும் உழைப்பின் வடிவம் பாறையில் நிற்கிறது.

நம் மலைகளை இந்தக் கண்ணோடு பாருங்கள். கவ்வாத்து வெட்டிய மலை பழுப்பு நிறமாகவும், அடுத்திருக்கும் கொழுந்து மலை இளம்பச்சையாகவும் நிற்கும் இடத்தில் ஒரு நேர்கோடு ஓடுகிறது. சரிவின் குறுக்கே கான்கள் வெட்டியிருக்கின்றன. கல் அடுக்கிய வரம்புகள் இருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக நடந்து நடந்தே உண்டான குறுக்குப் பாதைகள் இருக்கின்றன. கீழே லயத்துக் கூரைத் தகரங்கள் துருப்பிடித்த சிவப்பும் சாம்பலுமாக வரிசையில் கிடக்கின்றன. இவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து அதனதன் நிறத்தோடு அதனதன் இடத்தில் வைத்தால், ஒரு மனித உருவம் இல்லாமலே அது மனிதர்களின் மலையாகிவிடும். உருவங்களை வரைய விரும்புவோர் வரையட்டும். செசானும் தம் குடும்பத்துப் பண்ணையில் வேலை செய்தவர்களை உட்கார வைத்துத்தான் 1890களில் சீட்டாடுவோர் ஓவியங்களை வரைந்தார். அவர்கள் முகத்தில் சிரிப்பு இல்லை, இரந்து நிற்கும் பார்வையும் இல்லை; அந்த மலைக்கு உரிய கனமும் அமைதியுமே இருக்கின்றன.

எண்ணெய் வர்ணத்துக்குச் செலவு அதிகம். நீர்வர்ணத்தை மட்டும் வைத்து இதைச் செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். செசானின் பிற்கால நீர்வர்ண ஓவியங்கள் அவருடைய எண்ணெய் ஓவியங்களுக்குச் சற்றும் குறைந்தவையல்ல. பென்சிலால் மெல்லிய கோடுகள் இட்டு, நிழலிலிருந்து தொடங்கி, நீர்த்த வர்ணத்தை ஒன்றின்மேல் ஒன்றாகப் பரப்புவார். ஒரு படலம் காய்ந்த பிறகே அடுத்ததை வைப்பார். ஒளி விழும் இடங்களில் தாளின் வெண்மையை அப்படியே விட்டுவிடுவார்.

காய்வதற்குக் காத்திருப்பதுதான் நமக்குச் சோதனை. நுவரெலியாவின் ஈரக் காற்றில் மழைக்காலத்தில் தாள் காயவே காயாது. அவசரப்பட்டு இரண்டாவது படலத்தை வைத்தால் இரண்டு நிறங்களும் கலந்து சேறாகிவிடும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று தாள்களை மாறி மாறி வரைவது பயன்தரும். மெல்லிய தாள் நெளிந்துவிடும் என்பதால், தாளுக்குச் செலவழித்து, நிறங்களில் சிக்கனம் பிடிப்பது மேல்: நீலம், மஞ்சள் காவி, ஒரு சிவப்பு, ஒரு பச்சை போதும்.

அவருடைய கடைசி ஆண்டுகள் எப்படி இருந்தன?

1895இல் பாரிஸ் வணிகர் அம்ப்ருவாஸ் வொலார் அவருடைய முதலாவது தனிக் கண்காட்சியை நடத்தியபோது செசானுக்கு ஐம்பத்தாறு வயது. அதன்பிறகே இளம் ஓவியர்கள் அவரைத் தேடி எக்ஸ் ஊருக்கு வரத் தொடங்கினார்கள். 1899இல் குடும்பத்தின் பழைய வீடு விற்கப்பட்டது. 1901இல் ஊருக்கு வடக்கே லே லோவ் என்ற மேட்டில் காணி வாங்கி, அடுத்த ஆண்டு அங்கே தம் கலைக்கூடத்தைக் கட்டி முடித்தார். கதவு வழியே எடுக்க முடியாத பெரிய கன்வஸ்களை வெளியே கொண்டுபோவதற்காக அதன் சுவரில் உயரமான ஒடுங்கிய திறப்பு ஒன்றை வைத்தார். இன்றும் அதைக் காணலாம். நீரிழிவு நோய் அவரை வாட்டியது. ஆயினும் மேட்டின் மேலே நடந்து சென்று மலையை வரைவதை நிறுத்தவில்லை. 1906 ஒக்டோபர் 15ஆம் திகதி வெளியில் வரைந்துகொண்டிருந்தபோது மழையில் நனைந்து மயங்கி விழுந்தார். சலவைத் துணி ஏற்றும் வண்டியொன்றில் வீட்டுக்குக் கொண்டுவரப்பட்டார். மறுநாட் காலையிலும் எழுந்து தோட்டக்காரர் வலியேயின் உருவப்படத்தில் வேலை செய்ய முயன்றார். ஒரு வாரத்தில் உயிர் பிரிந்தது.

அவருக்குப் பின் என்ன நடந்தது? இலங்கையில் அதன் தாக்கம் உண்டா?

1907இல் பாரிசில் அவருடைய 56 படைப்புகளைக் கொண்ட நினைவுக் கண்காட்சி நடந்தது. ஓவியர் ப்ராக் அடுத்த ஆண்டு, செசான் முன்பு வரைந்த லெஸ்தாக் என்ற கடலோர ஊரில் வரைந்த நிலக்காட்சிகளிலிருந்தும், பிக்காசோவின் ஓவியங்களிலிருந்தும், உருவங்களைத் தளங்களாக உடைத்துக் காட்டும் கியூபிசம் என்ற பாணி பிறந்தது. ஓவியர் மத்தீஸ், 1899இல் கையில் காசில்லாத காலத்தில் வாங்கிய செசானின் சிறு ஓவியமொன்றை 1936இல் பாரிஸ் நகரத்துக்கு நன்கொடையாகக் கொடுக்கும் வரை தம்மோடு வைத்திருந்தார்.

அந்த அலை கியூபிசத்தின் வழியாக இலங்கைக்கும் வந்தது. கொழும்பில் லயனல் வென்ட்டின் முயற்சியால் 1943இல் உருவான '43 குழு என்ற ஓவியர் குழுவின் முன்னோடிகளில் ஒருவரான ஜோர்ஜ் கீற், 1901இல் கண்டியில் பிறந்து அங்கே திரித்துவக் கல்லூரியில் படித்தவர். அவருடைய ஓவியங்களில் உருவங்களைத் தளங்களாக உடைத்துச் சேர்க்கும் முறையைப் பார்க்கும்போது செசானிலிருந்து பிக்காசோ வழியாக நீளும் கோடு தெரியும்.

இந்த ஓவியங்களை எங்கே பார்க்கலாம்?

செசானின் மூலப் படைப்புகளைப் பாரிசின் ஒர்சே அருங்காட்சியகத்திலும் மேலே சொன்ன லண்டன், ஃபிலடெல்ஃபியா நிறுவனங்களிலும் பார்க்கலாம். அவை தத்தம் தொகுப்புகளின் தரமான படங்களை இணையத்திலும் வைத்திருக்கின்றன. கைப்பேசித் திரையில் பார்ப்பவர்கள் முழுப் படத்தையும் ஒருமுறை பார்த்தபின், பெரிதாக்கி ஒரே ஒரு மூலையை மட்டும் நீண்ட நேரம் பார்ப்பது நல்லது. இலங்கையில் '43 குழுவினரின் படைப்புகளைக் கொழும்பு பார்ன்ஸ் பிளேஸில் அந்தக் குழுவின் ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த இல்லத்திலுள்ள சபுமல் அறக்கட்டளையில் காணலாம். மலையகத்திலிருந்து கொழும்புக்குப் போக இயலாதவர்கள், கண்டி திரித்துவக் கல்லூரித் தேவாலயத்தில் டேவிட் பெயின்டர் என்ற இலங்கை ஓவியர் வரைந்த சுவரோவியங்களை அனுமதி கேட்டுப் பார்க்கலாம். அங்கே விவிலியக் காட்சிகள் இந்த நாட்டு நிலத்திலும் இந்த நாட்டு முகங்களோடும் நிகழ்கின்றன.